காட்பாடியில் ஒரு பந்து மலைப்பாம்பு: உயிருள்ள எலியா, உறையவைத்த எலியா?

#1 காட்பாடிவாசி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் நான்கு வயதுள்ள பெண் பந்து மலைப்பாம்பு ஒன்று இருக்கிறது. எடை 1,240 கிராம். மேற்கு ஆப்பிரிக்க இனமான இதை உரிய தாள்களுடன் வாங்கினேன். 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்துவிட்டேன். குட்டியாக வந்த நாளிலிருந்து இதற்கு உயிருள்ள வெள்ளை எலிகளையே இரையாகக் கொடுத்து வந்தேன். வேறு முறை உண்டென்று படித்திருந்தும், நன்றாகத்தானே தின்கிறது என்று அதைப் பற்றி யோசிக்காமல் இருந்துவிட்டேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை இரவு வழக்கம்போல் ஓர் எலியைத் தொட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். பாம்பின் கண்கள் பால் படிந்தாற்போல் மங்கியிருந்ததையும், சட்டை உரிக்கும் காலத்தில் அது இரை எடுக்காது என்பதையும் நான் கவனித்திருக்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது, பாம்பின் முதுகில் ஏறத்தாழ இரண்டு அங்குல நீளத்துக்குச் செதில்கள் கொறிக்கப்பட்டு உள்ளே சதை தெரிந்தது. பாம்பு மறைவுப் பெட்டிக்குள் தலையை உடலுக்குள் புதைத்துச் சுருண்டு கிடந்தது. எலி தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அந்த எலிக்கு நான் இரவு முழுவதும் தீனி எதுவும் வைத்திருக்கவில்லை. பசித்த எலி தனக்குக் கிடைத்ததைக் கொறித்தது; அதன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இரண்டு உயிர்களையும் அந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான்தான்.

மருத்துவர் புண்ணைக் கழுவித் தையல் போட்டு, மூன்று வாரங்களுக்கு மருந்து கொடுத்திருக்கிறார். இனி உறையவைத்த இரைக்கு மாற விரும்புகிறேன். ஆனால் மூன்று தயக்கங்கள் இருக்கின்றன. இந்தப் பாம்பு இதுவரை செத்த இரையைத் தின்றதே இல்லை; பாம்பு செத்ததைத் தொடாது என்றே எங்கள் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டாவது, எங்கள் பகுதியின் மின்தடை. மூன்றாவது, சைவ உணவு சமைக்கும் என் அம்மாவின் குளிர்பெட்டியில் எலியை வைப்பதைக் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

#2 ராணிப்பேட்டை வளர்ப்பாளர்

தம்பி, முதலில் பாம்பு நலமடையட்டும். புண் ஆறி, அடுத்த சட்டையும் உரிந்து முடியும்வரை புதிய முறை எதையும் தொடங்காதீர்கள். 1,240 கிராம் எடையுள்ள பாம்பு சில வாரங்கள் பட்டினி இருப்பதால் அதற்குத் தீங்கு ஏதும் நேராது.

நான் ஒன்பது ஆண்டுகளாக இரண்டு பந்து மலைப்பாம்புகளையும் கார்ன் ஸ்னேக் என்னும் நஞ்சற்ற அமெரிக்கப் பாம்பு ஒன்றையும் உறையவைத்த இரையிலேயே வளர்த்து வருகிறேன். பாம்பு செத்ததைத் தொடாது என்பது, ஆடி மாதத்தில் புற்றுக்கு ஊற்றும் பாலைப் பாம்பு விரும்பிக் குடிக்கிறது என்பதைப் போன்ற நம்பிக்கைதான். காட்டிலேகூடப் பாம்புகள் செத்துக் கிடக்கும் விலங்குகளை விழுங்குவது பலமுறை பதிவாகியிருக்கிறது. பாம்பு உயிரைத் தேடுவதில்லை. வெப்பத்தையும் மணத்தையும் அசைவையும் தேடுகிறது. பந்து மலைப்பாம்பின் மேலுதட்டில் வரிசையாக இருக்கும் சிறு குழிகள் வெப்பத்தை அறியும் உறுப்புகள். குளிர்ந்துபோன எலி அந்தக் குழிகளுக்கு ஒரு கல்லைப் போலத்தான் தெரியும். ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டுத் தின்னவில்லை என்று கைவிடுபவர்களில் பெரும்பாலோர், உள்ளே இன்னும் சில்லென்றிருக்கும் எலியைத்தான் கொடுத்திருப்பார்கள்.

#3 ஆற்காட்டு வயல்

வணக்கம். நான் பாம்பு வளர்ப்பவன் அல்லேன், நெல் பயிரிடுபவன். கடைக்குப் போய் வெள்ளை எலி வாங்குவதற்குப் பதிலாக வயல் எலியைக் கொடுக்கலாமே என்று தோன்றியது. எங்கள் பக்கத்தில் அறுவடை முடிந்ததும் இருளர் குடும்பத்தினர் வரப்புகளில் வளை வெட்டி எலி பிடிப்பார்கள். அவர்கள் அளவுக்கு எலியின் போக்கை அறிந்தவர்களை நான் கண்டதில்லை. பிடித்ததைச் சுட்டு உணவாகவும் கொள்வார்கள். அவர்களிடம் சொன்னால் வேண்டிய அளவில் பிடித்துத் தருவார்கள். அவர்களுக்கும் வருமானம், வயலுக்கும் நன்மை. இயற்கையில் பாம்பு தின்பதும் அந்த எலியைத்தானே?

#4 சத்துவாச்சாரி கால்நடை மருத்துவர்

ஆற்காட்டு நண்பரின் எண்ணம் நல்லது. இருந்தாலும் அதை ஏற்க முடியாததற்கு மருத்துவக் காரணம் ஒன்று உண்டு. நம் வயல்களில் எலிக்கு வைக்கும் மருந்துகளில் துத்தநாக பாஸ்பைடும் புரோமடியோலோனும் முதன்மையானவை. துத்தநாக பாஸ்பைடு எலியின் வயிற்றில் பாஸ்பீன் வாயுவாக மாறி அதை விரைவிலேயே கொன்றுவிடும். புரோமடியோலோன் இரத்தம் உறைவதைத் தடுத்து, நாள்கணக்கில் மெல்லக் கொல்லும். அந்த இடைப்பட்ட நாள்களில் எலி ஓடியாடிக்கொண்டு நலமாகவே தோன்றும். நஞ்சு அதன் ஈரலில் இருக்கும். உங்கள் வயலில் மருந்தே வைக்காவிட்டாலும் அடுத்த வயலில் வைத்ததை அது தின்றிருக்கக்கூடும். கண்ணால் பார்த்து இதைக் கண்டறிய வழியில்லை. எலியின் சிறுநீரால் மனிதருக்குப் பரவும் எலிக்காய்ச்சலும், காட்டு எலியிலுள்ள புழுக்களும் உண்ணிகளும் தனி ஆபத்துகள். ஆகவே வயல் எலி உயிரோடு இருந்தாலும் வேண்டாம், உறையவைத்ததானாலும் வேண்டாம்.

மூலக் கேள்விக்கு வருகிறேன். கொறித்துண்ணியின் கடியோடு என்னிடம் கொண்டுவரப்பட்ட பாம்புகளில், கண்ணை இழந்தவையும் முதுகெலும்புவரை புண் இறங்கியவையும் உண்டு. நீங்கள் விவரித்தது மிதமான காயந்தான். எலியின் முன்பற்கள் கட்டையையே அறுப்பவை. பாம்புக்கோ ஒரு மெல்லிய தோல்தான் காப்பு. பாம்பு சரியாகப் பிடிக்காமல் பின்பக்கத்தைச் சுற்றிக்கொண்டால், கண்ணெதிரிலேயே அது கடிபட ஐந்து நொடிகள் போதும்.

உறையவைப்பதைப் பற்றி ஒரு தவறான எண்ணமும் நிலவுகிறது. போதிய நாள்கள் நன்றாக உறைந்திருந்தால் ஒட்டுண்ணிகளில் பல அழியும். சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அழியாமல் அப்படியே உறங்கும். அமெரிக்காவில் 2010-இல் உறைந்த எலிகளின் வழியே மனிதருக்கு சால்மொனெல்லா பரவி, விற்ற சரக்கைத் திரும்பப் பெற நேர்ந்தது. எனவே இரைக்கென்று தனிக் கிண்ணம், தனி இடுக்கி, தனிப் பெட்டி வேண்டும். சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவக்கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளில் இதில் சிறிதும் தளர்வு கூடாது. உங்கள் அம்மாவின் மறுப்பு ஆசாரத்தால் வந்ததாக நீங்கள் நினைத்தாலும், சுகாதாரப்படியும் அவர் சொல்வதுதான் சரி.

#5 குடியாத்தம்

இங்கே எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தை எழுத விரும்புகிறேன். நான் உயிருள்ள இரை கொடுப்பவன். அதை விரும்பிச் செய்யவில்லை; வேறு வழி தோற்றுப்போனதால் செய்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் நாற்பது உறைந்த எலிகளைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டிப் பைகளுடன் முந்தைய நாள் மாலை அனுப்பினார்கள். மறுநாள் பிற்பகல் என் கைக்கு வந்தபோது வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டியிருந்தது. பெட்டியைத் திறக்குமுன்பே நாற்றம் வந்தது. நாற்பதையும் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தேன். அந்த நாற்பது உயிர்களும் எந்தப் பாம்பின் பசிக்கும் பயன்படாமல் போயின என்பது இன்றும் என்னை வருத்துகிறது. அதைவிட, வாரம் ஒரே ஓர் எலியை உயிரோடு வாங்கி, அது பயன்படுவதைக் கண்ணால் பார்ப்பது குறைந்த கொடுமை என்று எனக்குப் பட்டது.

பிறகு வீட்டிலேயே சுண்டெலி வளர்த்தேன். சினைக்காலம் மூன்று வாரம், ஈற்றுக்கு ஆறு முதல் பத்துக் குட்டிகள், மேலும் மூன்று வாரத்தில் பால் மறக்கும் என்பதால் பெருக்கம் எளிது என்று எண்ணினேன். மாடி அறையில் இருந்தவற்றைக் கத்திரி வெயில் ஒரே பிற்பகலில் கொன்றுவிட்டது.

என் ஆண் பாம்பு சென்ற ஆண்டு கார்த்திகையில் தொடங்கி ஐந்து மாதம் உறைந்த இரையைத் தொடவில்லை. உயிருள்ள எலியை விட்ட அன்றே எடுத்துக்கொண்டது. நான் பக்கத்திலேயே இருப்பேன். பத்து நிமிடத்துக்குள் பாம்பு எடுக்காவிட்டால் எலியை வெளியே எடுத்துத் தீனியும் தண்ணீரும் வைத்துவிடுவேன். இதுவரை ஒரு கடியும் நேரவில்லை. கவனத்தோடு செய்பவரை, கவனமின்றிச் செய்பவரோடு சேர்த்து எடைபோடக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

#6 ராணிப்பேட்டை வளர்ப்பாளர்

குடியாத்தம் ஐயா, புதைத்த அந்த நாற்பது எலிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உயிருள்ள இரைக்கு ஆதரவாக நான் இதுவரை கேட்டவற்றில் மனத்தைத் தொட்ட வாதம் அதுதான். இருந்தாலும் அதிலிருந்து நான் வேறொரு முடிவுக்கே வருகிறேன். தவறு உறைந்த இரையில் இல்லை. அது சித்திரையில் பயணம் செய்ததில்தான் இருக்கிறது.

நம் வடாற்காட்டுப் பகுதியில் பங்குனி பாதி தொடங்கி ஆவணி வரை எந்த உறைந்த பொருளையும் வெளியூரிலிருந்து வரவழைக்கக் கூடாது என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் சென்னைக்கு நானே சென்று, அதிகாலை ரயிலில் பெட்டியை மடியருகில் வைத்துக்கொண்டு வாலாஜா ரோடு நிலையத்தில் இறங்கிவிடுவேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்கும்போது எலிகள் கட்டை போல் இருக்கும். அப்போது வாங்குவது ஆறு, ஏழு மாதங்களுக்குப் போதும். மைனஸ் பதினெட்டு டிகிரியில் அதற்குமேலும் கெடாது என்றாலும், நாள்பட நாள்படக் கொழுப்பு சிக்கடித்து வைட்டமின் ஈ குறைவதால் நான் ஓராண்டுக்கு மேல் வைப்பதில்லை.

மின்தடைக்கு எளிய வழி உண்டு. பிரீசரில் காலியிடமே இருக்கக் கூடாது. எலி குறைந்தால் அந்த இடத்தில் தண்ணீர்ப் பாட்டில்களை உறையவைத்து நிரப்புங்கள். நிறைந்த பிரீசர் திறக்காதவரை நெடுநேரம் குளிரைக் காக்கும். ஒரு கிண்ணத்தில் நீரை உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்திருக்கிறேன். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் கிண்ணத்தின் அடியில் கிடந்தால், உள்ளே எல்லாம் இளகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். அந்த இரை முழுவதையும் விலக்கிவிட வேண்டும்.

ஐந்து மாதப் பட்டினியைப் பற்றியும் ஒரு சொல். பந்து மலைப்பாம்பின் ஆண்கள் குளிர்காலத்தில், இனச்சேர்க்கைப் பருவத்தில், மாதக்கணக்கில் உண்ணாமல் இருப்பது அதன் இயல்பு. உங்கள் பாம்பு பங்குனியில் உயிருள்ள எலியை எடுத்தது. அதே நாளில் சூடாக்கிய எலியை நீட்டியிருந்தாலும் எடுத்திருக்கலாம். பட்டினி நாள்களை எண்ணாமல் எடையைக் கவனியுங்கள். பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் மட்டுமே மருத்துவரிடம் போக வேண்டும்.

#7 காட்பாடிவாசி

இருவருக்கும் நன்றி. குடியாத்தம் ஐயாவின் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் நான் அவரளவுக்கு ஒவ்வொரு முறையும் கவனமாக இருப்பேன் என்று என்னையே நம்ப முடியவில்லை; அசந்த ஓர் இரவில் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிட்டேன்.

மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. சென்னைக்குப் போக முடியாதபோது, உள்ளூர்க் கடையில் எலியை உயிரோடு வாங்கி அப்படியே பிரீசரில் வைத்துவிட்டால் தூக்கத்தில் இறந்துவிடும் என்கிறார்களே, அது சரியா? அப்படியே இரையிடும் காணொளிகளைப் பற்றியும் சட்டம் என்ன சொல்கிறது என்று அறிய விரும்புகிறேன்.

#8 சத்துவாச்சாரி கால்நடை மருத்துவர்

முற்றிலும் தவறு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எலி நம்மைப் போல வெப்ப இரத்த விலங்கு. குளிரில் அது அமைதியாகத் தூங்குவதில்லை. நடுங்கி, உடல் விறைத்து, நெடுநேரம் துன்புற்றே சாகிறது. உயிருள்ள எலியைப் பாம்புக்கு விடுவதைக் கொடுமை என்று கருதி, அதைவிட நீண்ட கொடுமையைக் கதவுக்குப் பின்னால் மறைத்துவைப்பதில் பொருள் இல்லை. இந்த விவாதத்தில் யாருமே தொடாமல் விட்ட இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உறைந்த இரை என்றால் அந்த எலியை யாரோ எங்கோ கொன்றிருக்கிறார்கள். எப்படிக் கொன்றார்கள் என்று விற்பவரிடம் கேட்பது வாங்குபவரின் கடமை. ஏற்கத்தக்க முறைகளில் ஒன்று, கூண்டுக்குள் கரியமில வாயுவை உருளையிலிருந்து சீராக, மெல்ல மெல்ல நிரப்பி நினைவிழக்கச் செய்வது. வாயு ஒரேயடியாகப் பாய்ந்தால் நினைவு தப்புமுன்பே மூக்கிலும் கண்ணிலும் வலி உண்டாகும். ஆகவே அளவுமானி வேண்டும். வினிகரையும் சோடா உப்பையும் கலந்து வீட்டில் செய்வதில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பிறந்த குட்டிகள் பிராணவாயுக் குறைவைத் தாங்குபவை. வளர்ந்த எலி சில நிமிடங்களில் இறக்கும் கூண்டில், அன்று பிறந்த குட்டி ஐம்பது நிமிடம்வரை உயிரோடிருக்கலாம். தேர்ந்த கை, சுண்டெலியின் கழுத்தை நொடியில் முறித்துவிடும். 200 கிராமுக்கு மேற்பட்ட எலிக்கு அந்த முறை ஏற்றதல்ல. இதை நான் எழுத்தில் கற்றுக்கொடுக்க மாட்டேன். தேவைப்படுவோர் பயிற்சியுள்ள கால்நடை மருத்துவர் ஒருவரிடம் நேரில் கற்க வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வெறும் கேளிக்கைக்காக ஒரு விலங்கை மற்றொரு விலங்கிற்கு இரையாகும்படி அடைத்துவைப்பதைக் குற்றங்களுள் ஒன்றாகச் சொல்கிறது. நண்பர்களை வரவழைத்து எலியை விட்டு வேடிக்கை பார்ப்பவர்களும், பார்வையாளர் எண்ணிக்கைக்காக அதைப் படம்பிடித்து வெளியிடுபவர்களும் அந்த வரியைப் படிக்க வேண்டும்.

#9 ஆம்பூர் மாணவன்

அண்ணா, எங்கள் வீட்டுக் கொல்லையில் மண்ணுளிப் பாம்புக் குட்டி ஒன்று கிடைத்தது. பெட்டியில் வைத்திருக்கிறேன். அதற்கும் உறையவைத்த சுண்டெலிக் குட்டி கொடுக்கலாமா?

#10 நெறியாளர்

தம்பி, அதற்கு எந்த இரையும் கொடுக்க வேண்டாம். மண்ணுளிப் பாம்பு நம் நாட்டுப் பாம்பு. 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வைத்திருப்பதே குற்றம். நீங்கள் அன்போடு செய்தாலும் சட்டம் அதைப் பார்க்காது. இன்றே வனத்துறைக்குத் தெரிவித்து ஒப்படையுங்கள். இந்த இழை பதிவுசெய்யப்பட்ட அயல்நாட்டுப் பாம்புகளுக்கு மட்டுமானது.

#11 ராணிப்பேட்டை வளர்ப்பாளர்

காட்பாடித் தம்பிக்கு, மாற்றும் முறையை எழுதிவிடுகிறேன். பாம்பின் எடையில் ஐந்து முதல் ஏழு விழுக்காடு போதும். உங்களுடையதற்கு 65 கிராம் முதல் 80 கிராம்வரை உள்ள எலி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. முந்தைய இரவே எலியை மூடிய பையில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாள் மாலை பையோடு வெந்நீரில் கால்மணி நேரம் இடுங்கள். கை பொறுக்கும் சூடு போதும், கொதிநீர் கூடாது. மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் பனியாகவே இருக்கும், வயிறும் வெடித்துவிடும். வயிற்றை அழுத்திப் பார்த்து உள்ளே குளிர்ச்சி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஈரத்தைத் துடைத்து, தலைப்பகுதியை மட்டும் கடைசியில் ஒருமுறை கூடுதலாகச் சூடாக்குங்கள். வெப்பக் குழிகள் தலையைக் கண்டுகொண்டால் பாம்பு சரியான முனையிலிருந்து விழுங்கும்.

விளக்கை அணைத்து, நீண்ட இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து, மறைவுப் பெட்டியின் வாயிலுக்கு முன்னால் மெல்ல நகர்த்துங்கள். முகத்தில் இடிக்காதீர்கள், எலி தன்னை நோக்கி வருவதைப் பாம்பு விரும்பாது, விலகிப் போவதையே துரத்தும். எடுக்காவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். குளிர்நாடுகளில் இரவு முழுவதும் விட்டுவைக்கச் சொல்வார்கள். நம் ஊர் வெப்பத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தின்னாததை மீண்டும் உறையவைக்கக் கூடாது. அடுத்த முயற்சி ஒரு வாரம் கழித்துத்தான். தின்றபின் இரண்டு நாள் தொடாதீர்கள். தொட்டியின் சூடான பக்கம் 32 டிகிரி அளவில் இருக்கட்டும். மார்கழி இரவில் அது குறைந்தால் விழுங்கியதைக் கக்கிவிடும்.

#12 காட்பாடிவாசி

ஒன்பது வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். புண் ஆறிவிட்டது, இரண்டு சட்டைகள் உரிந்தபின் தழும்பு ஒரு வெளிறிய கோடாக மட்டும் தெரிகிறது.

முதல் முயற்சியில் பாம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் முறை மூக்கால் தொட்டு, நாக்கை நீட்டி நீட்டி அரைமணி நேரம் ஆராய்ந்துவிட்டு விலகியது. அன்றிரவு கடைக்குப் போய் உயிருள்ள எலி ஒன்று வாங்கிவரலாமா என்று எண்ணினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எடை 1,240-இலிருந்து 1,185 ஆகியிருந்தது. பத்து விழுக்காடு குறைய இன்னும் இடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் முறை, எலியை என் கன்னத்தில் வைத்தால் சுடும் அளவுக்குத் தலையைச் சூடாக்கிக்கொண்டு போனேன். இடுக்கியை நகர்த்திய இரண்டாவது நொடியில் பாய்ந்து சுற்றிக்கொண்டது. உயிரில்லாத அந்த எலியை அது பத்து நிமிடம் இறுக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

குளிர்பெட்டிச் சிக்கலும் தீர்ந்தது. பழைய சிறு பிரீசர் ஒன்றை வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். அம்மா அதைத் திறப்பதில்லை. மின்தடை வந்தால் மட்டும், இன்வெர்ட்டர் ஓடுகிறதா பார் என்று அவர்தான் முதலில் குரல் கொடுக்கிறார். சென்ற வாரம் சென்னைக்குச் சென்று முப்பது எலிகள் வாங்கி வந்தேன். கொன்ற முறையைக் கேட்டபோது விற்பவர் கூண்டையும் வாயு உருளையையும் காட்டினார்.

#13 குடியாத்தம்

படித்து மகிழ்ந்தேன், தம்பி. என் ஆண் பாம்பு இந்தக் கார்த்திகையிலும் உண்பதை நிறுத்திவிட்டது. இம்முறை ராணிப்பேட்டை ஐயா சொன்னபடி வாரம்தோறும் எடை பார்த்துக் குறித்து வைக்கிறேன். இதுவரை ஆறு விழுக்காடுதான் குறைந்திருக்கிறது. பங்குனி வரை காத்திருந்து, அப்போது சூடாக்கிய எலியையே முதலில் நீட்டிப் பார்ப்பதாக இருக்கிறேன். தங்களிடம் 60 கிராம் அளவில் நான்கு எலிகள் இருந்தால் விலைக்குத் தர முடியுமா?

#14 காட்பாடிவாசி

இருக்கின்றன, ஐயா. வெயில் ஏறுமுன் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். பனிக்கட்டிப் பைகள் நான் தருகிறேன். தெர்மாகோல் பெட்டி மட்டும் கொண்டுவாருங்கள்.